மறை எண்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
செருப்புக்கடைக்கு மேலே என் அறை.
மின்விசிறியை நிறுத்தினால்தான் எனக்குக் காது.
நிறுத்தினேன்.

நிஸ்ரினா வியர்த்துக்கொண்டே சொல்கிறாள்:
"மியூசிக் ஒண்டும் போட வேணாம்.
மாமிட சத்தத்த மட்டும் குறைக்கணும்.
இல்லாமலும் ஆக்கக் கூடா,
உம்மா எங்க எண்டு கேப்பார்.
அவ இரிக்கா எண்டு தெரியணும்.
என்ன சொல்றா எண்டு தெரியக் கூடா."

பதினாறு வருடமாக இந்தக் கதிரையில் வந்து குந்தியவர்கள்
கொஞ்சம் கூட்டுங்க, கொஞ்சம் குறைங்க
என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.
கல்யாணக்காரர், கட்சிக்காரர், ரியூஷன் மாஸ்டர்மார்.
இவ்வளவு சரியாக அளவு சொன்னவள் இவள் ஒருத்தி.

சாய்ந்தமருதில் புது வீடு.
தோஹாவில் இருக்கும் றிஸ்கானுக்கு
அறை அறையாகக் காட்டும் பதினொரு நிமிடம்.
முதல் தடத்தில் அவள், அபாயாவில் குத்திய மைக்.
இரண்டாவது, கமராவின் காது:
மாமி, காகம், பக்கத்து வளவில் டைல் வெட்டும் மெஷின்,
கொஞ்சம் கடல்,
கடலைவிடப் பெரிதாக ஒரு கதவு.

"அந்தக் கதவு கீச்சிடுறதையும் வெட்டிருங்க.
தேக்கு அது. அவர் அனுப்பின சல்லி."

இரண்டாம் தடத்தின் கோட்டில் புள்ளிகள் குத்துகிறேன்.
வெறுமனே இழுத்தால் சுட்டி தாவுகிறது:
சய எட்டில் மாமி குசினிக்குள் நிற்கிறா,
சய பதினெட்டில் ஒழுங்கை முடக்கைத் தாண்டிவிட்டா.
கண்ட்ரோலை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
அப்போதுதான் தசம் ஒன்று, தசம் ஒன்றாக,
இம்மி இம்மியாக
ஒரு மனுசி மகனை விட்டுத் தள்ளிப் போவா.

"இவ்வளவு சல்லிக்கு இது ஒரு குசினியா?"
சய பன்னிரண்டு தசம் நாலு. இன்னும் விளங்குகிறது.
பதின்மூன்று தசம் ஒன்று. சரி.
"இந்த மாபிள்ல வழுக்கி நான் மௌத்தாப் போவன்."
சய பதினாலு.
மௌத் மட்டும் முள்ளாய்த் துருத்திக்கொண்டு நிற்கிறது.
அதன் தலையில் இன்னொரு புள்ளி, இரண்டு கீழே.
இப்போது அது மழைக்கு முந்திய ஏதோ முணுமுணுப்பு.
நிஸ்ரினா தலையாட்டுகிறாள்.

இங்கே பூச்சியம்தான் உச்சம்.
அதற்குக் கீழே எல்லாம் மறை எண்கள்.
எட்டாம் வகுப்பில் அந்தச் சொல்லைப் படித்தபோது
எதை மறைக்க என்று நான் கேட்கவில்லை.

ஏழாவது நிமிடம். மாடி அறை.
அவள் கட்டிலின் விலையைச் சொல்கிறாள்.
கதவு.
அதைத் தனியாகப் பிடித்து வெட்ட
அவளுடைய தடத்தை அடைத்தேன்.
இன்னொரு ஹெட்போன் அவள் காதில் இருந்தது.
தன் குரலே தூரத்தில், ஆரோ போல,
தொண்ணூறாயிரம் என்று சொல்லிக்கொண்டு போக
முன்னால் மாமி:

"கீச்சிடுது. நல்லம்.
எண்ணெய் கிண்ணெய் போட்ராதீங்க புள்ள.
அவன் ராவில வந்தா எனக்குக் கேக்கும்."

இன்னொருக்கா, என்றாள்.
போட்டேன்.
இன்னொருக்கா.

"நான் அப்ப விலை சொல்லிட்டு இருந்தன்"
என்றாள், நான் ஏதோ கேட்டது போல.

கீழே அக்கரைப்பத்து, அக்கரைப்பத்து என்று
கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் அடிக்கிறான்.
அறைக்குள் கொதி.
"இதை எவ்வளவில் வைக்க?"

அவள் திரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"கொஞ்சம்..." என்றாள். "கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினேன். சய ஆறு.
கூட்டினால் கட்டிலின் விலை குறுக்கே வருகிறது.
"அத நீங்க எடுங்க, என்ட சத்தம்தானே."
அவளை இறக்கினேன், சய இருபது,
தொண்ணூறாயிரம் கரைந்து போகும் வரை.
மாமி சய ஐந்து தசம் எட்டு.
குசினியும் மாபிளும் முன்பு வைத்த இடத்திலேயே.

கதவை நான் தொடவில்லை.
அது வருகிற இடத்தில் பட்டை பூச்சியத்தை முட்டுகிறது.
சிவப்புப் புள்ளி ஒன்று பற்றி அணைகிறது.
வேறு ஆருக்கும் என்றால் திருத்தியிருப்பேன்.