சிரியாதேங்கோ

ஏகாம்பரம் வீதியில் எட்டடிக்கு ஆறடி.
நீல ஸ்கிறீன், ஒரு ஸ்டூல், பல்லுடைந்த சீப்பு.
"காது ரெண்டும் தெரியோணும். சிரியாதேங்கோ."
அடையாள அட்டைக்கென்று
அரை மாவட்டத்தைச் சிரிக்காமல் இருத்தியவன் நான்.

இப்போது கொழும்புக் கொம்பனிகளும் கூப்பிடுகின்றன.
டச்பே மணலில், காலை ஐந்தே முக்கால்,
கைத்தறிச் சேலையில் பாலையூற்று ஜெனிற்றா.
"காதை முடியால் மூடுங்கோ. சிரியாதேங்கோ."
விலை கூடின உடுப்புக்குச் சிரிப்பு ஆகாதாம்;
யார் போட்ட சட்டமோ, நானும் கேட்டதில்லை.

ரிஃப்ளெக்டர் பிடித்த பெடியன் கொட்டாவி விட,
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
முப்பத்தெண்ணாயிரம் ரூபாய் முந்தானையை
வாழைத்தோல் மாதிரிச் சப்பத் தொடங்கிற்று.
ஜெனிற்றா குனிந்து பார்த்தாள்.
பிறகு, காவலில் நின்ற கடற்படைக்காரன்
திரும்பிப் பார்க்கிற அளவுக்கு
முரசு தெரியச் சிரித்தாள்.
விரல் தன்பாட்டில் அமத்திப்போட்டுது.

கொம்பனி வேண்டாம் என்றது:
சேலை கசங்கி, காது வெளியே.
முந்தானைக் காசு என் பில்லில் கழிந்தது.

போன கிழமை பாஸ்போட் படத்துக்கு வந்த மனுசி
"கொஞ்சம் சிரிக்கலாமோ தம்பி?" என்று கேட்டா.
சட்டம் சட்டம்தான், அம்மா.
எண்டாலும் லைட் பார்க்கிற சாட்டில்
முதல் ஒன்றைச் சும்மா எடுத்தேன்.