மூன்றாவது டேக்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மின்னஞ்சல்:
இங்கே வேலை செய்யும் அனுபவத்தை
நான்கு வரியில் எழுதித் தரவும்.
பெயர் வேண்டாம்.
ஐந்து மணிக்குள் வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றாலும்
யார் இன்னும் எழுதவில்லை என்பது
ஷூ வென்னுக்குத் தெரிகிறது.
அரைமணிக்கு ஒருதரம் நினைவூட்டுகிறாள்,
சூரியகாந்திப் பூப் படத்தோடு.

எனக்கு இது கைவந்த தொழில்.
ஆறு வருடமாக
அடுத்தவர் கம்பெனிக்கு ஆள் வந்து சேரும்படி
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஆள் நிற்காத இடம் என்றால்
வேகமாக வளரும் சூழல்.
மூன்று பேர் வேலையை ஒரு தலையில் கட்டினால்
பன்முக வாய்ப்பு.
சம்பளத்தைச் சொல்ல வாய் கூசினால்
போட்டிக்குரிய ஊதியம்.
குடும்பம் என்ற சொல்லை மட்டும்
இந்த வருடம் நானூறு தடவை எழுதியிருப்பேன்.
தங்கைக்குப் போன் போட்டுப் பத்து நாளாகிறது.

மார்ச்சில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று.
சிப் செய்கிறார்கள்,
எதற்கு என்று சொல்ல யாருக்கும் அனுமதியில்லை.
"எங்கள் மக்கள், எங்கள் பெருமை",
அறுபது விநாடி வீடியோ.
சீனத்தில் ஒன்று, மலாயில் ஒன்று,
தமிழில் ஒன்று.
தமிழுக்கு பட்ஜெட் பாதி.

புஷ்பலீலாவை அனுப்பினார்கள்.
பதினொரு வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர்.
நீலத் தொப்பி நெற்றியில் போட்ட கோடு
ஹஃபிஸ் பவுடர் பூசியும் போகவில்லை.
மைக் மாட்டுவதற்குள்
"பசியாறிட்டீங்களா?" என்று
எங்களைக் கேட்டார்.

இங்க உங்களுக்குப் பிடிச்சது என்னக்கா?

"பஸ்சு. நிபோங் திபால்ல
எங்க வீட்டு முக்குலயே நிக்கும்.
பாலம் தாண்டுறப்ப கடல் கறுப்பா கெடக்கும்.
மத்தவங்க எல்லாம் தூங்கிருவாங்க.
நான் தூங்க மாட்டேன்."

கிளையண்ட் உதட்டைப் பிதுக்கினார்.
முன்னேற்றம் பற்றிக் கேட்கச் சொன்னார்.

"முன்னேற்றம்னா…
முன்ன மூணாவது வரிசையில இருந்தேன்.
இப்ப ரெண்டாவது.
ஏர்கோன் நேரா அடிக்காது."

இரண்டாவது டேக்கில்
நான் எழுதிய அட்டையைக் கொடுத்தோம்.
இந்த நிறுவனம் என் கனவுகளுக்குச் சிறகு தந்தது.
சிறகு என்ற இடத்தில் நின்றார்.
அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
பதினாலு விநாடி.
ஏர்கோன் இரைச்சல். தூரத்தில் ஒரு டிராலி உருளும் சத்தம்.

"தம்பி, இது யாரு சொன்னது?"
"நீங்க சொல்றதுதான்க்கா."
"ஓ."

மூன்றாவது டேக்கில் சரியாகச் சொன்னார்.

அந்தப் பதினாலு விநாடியை வெட்டினேன்.
அழிக்கவில்லை.
'இதர' என்ற ஃபோல்டரில் கிடக்கிறது,
கம்பெனி சின்னங்களுக்கும்
யாரோ கைகுலுக்கும் படங்களுக்கும் நடுவே.

வீடியோ நன்றாக ஓடியது.
ஒரு விண்ணப்பத்துக்கு ஆன செலவு
மூன்று ரிங்கிட் நாற்பது சென்.
எங்களுக்கு பீட்சா வாங்கித் தந்தார்கள்.
ஆகஸ்டில் இரண்டாவது வரிசைக்கு
புது இயந்திரம் வந்துவிட்டதாம்.
ஹஃபிஸ் சொன்னான், அவன் மச்சான் அங்கே காவலாளி.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.
புஷ்பலீலா இன்னமும்
என் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்,
யார் தொட்டாலும், முதலிலிருந்து.

நான்கு ஐம்பது. மூன்றாவது சூரியகாந்தி.
எழுதினேன்:
பதினோராவது மாடி.
என் மேசையிலிருந்து பாலத்தில் ஒரு துண்டு தெரியும்.
மழை வந்தால் அதுவும் தெரியாது.
ஏர்கோன் நேராக அடிக்காது.

ஐந்து ஐந்துக்கு ஷூ வென்னே வந்துவிட்டாள்.
நன்றாகத்தான் இருக்கிறதாம்,
ஆனால் இன்னும் கொஞ்சம்…
சொல் கிடைக்காமல்
இரண்டு கையையும் காற்றில் மேலே தூக்கிக் காட்டினாள்.

நான் அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பிறகு
சரியாக எழுதிக் கொடுத்தேன்.