பத்தில் ஒன்று

நூலகத்தில் அந்தப் புத்தகங்களின் தட்டு
சமையலுக்கும் தோட்டக்கலைக்கும் நடுவே.
வழிதவறி வந்தவன்போல
சமையல் பக்கமிருந்துதான் நுழைவேன்.
டன்டினோங்கில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை,
எங்கள் ஆட்களைத் தவிர.

முதல் புத்தகம் ஐந்து மணிக்கு எழும்பச் சொன்னது.
நான் வேலை முடிந்து வருவதே ஐந்து மணிக்கு.
இரண்டாவது, கண்ணாடி முன் நின்று
உன்னை நீயே வாழ்த்து என்றது.
சவரம் செய்கிற சாட்டில் இரண்டு நாள் வாழ்த்தினேன்,
தாடையில் வெட்டுப்பட்டது.
மூன்றாவதில், அறுபத்தோராம் பக்கத்தில்,
யாரோ பென்சிலால் கோடிழுத்திருந்தார்கள்:
'சோம்பேறி என்று உங்களை முதலில் சொன்னது யார்?'
ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல், அப்பா.
அழித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தது.
எனக்கு எழுத வேறொரு பெயர் இருந்தது.
பென்சிலும் இருந்தது.
நூலகப் புத்தகம் என்று சொல்லிக்கொண்டேன்.
இரண்டு முறை தவணை நீட்டினேன்.

கராஜுக்குள் காரை விட்டபின்
இறங்க வராது.
எஞ்சின் அணைந்திருக்கும், பெல்ட் போட்டபடி.
கால்மணி. சில நாள் முக்கால்.
உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கௌசிகா கேட்டாள்.
ரேடியோ கேட்கிறேன் என்றேன்.
அந்த ரேடியோ பழுதாகி ஒரு வருடம்.
அவளுக்கும் தெரியும்.

டொக்டர் ஒரு தாளை நீட்டினார், பத்துக் கேள்வி.
கடந்த நான்கு கிழமைகளில்
தக்க காரணமில்லாமல் எத்தனை முறை களைத்தீர்கள்?
காரணம் இருந்தால் எதில் புள்ளடி போடுவது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
கதிரையைக் கிட்ட இழுத்தார்.
கூட்டினால் முப்பத்துநான்கு.
நான் படித்த பள்ளியில் ஒரு மார்க்கால் பெயில்.
இங்கே கூடினால்தான் பெயிலாம்.
பத்து அமர்வுக்கு மெடிகேர் கொஞ்சம் தரும்,
மிச்சம் நீங்கள், என்றார்.

யாஸ்னாவின் அறை
ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடி.
கீழே துளைக்கிற சத்தம்.
அங்கே மரக்கச் செய்துவிட்டுத் துளைக்கிறார்கள்,
இங்கே எப்படி, என்று கேட்டேன்.
யோசித்தாள். தெரியவில்லை என்றாள்.
அதன் பிறகுதான் ஜக்கெட்டைக் கழற்றினேன்.

என்ன பெயரால் கூப்பிட?
வேலையில் கூல் என்பார்கள்.
மைனஸ் இருபத்திரண்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு
நல்ல பகிடி.
முழுப்பெயர் கேட்டாள்.
குலேந்திரன்.
மூன்று முறை சறுக்கி நாலாவதில் பிடித்தாள்.

நாற்பத்துநாலு நிமிடம்
ஐஸ்கிரீம் பெட்டிகளை எப்படி அடுக்குவது,
எந்தப் பக்கம் பாரம் வைத்தால் சரியும்,
பாதி உருகி மறுபடி உறைந்ததை
மூடியைத் திறக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது
என்றெல்லாம் சொன்னேன்.
எழுதிக்கொண்டே இருந்தவள்
அந்தக் கடைசி இடத்தில் பேனாவை வைத்தாள்.

பிறகு, எங்கே நோகிறது என்றாள்.
மனம் என்று சொல்ல வேண்டும்.
அவளுடைய மொழியில் கைக்கு வந்தவை இரண்டே சொல்:
ஒன்று இரத்தம் இறைக்கும், மற்றது கணக்குப் போடும்.
எனக்கு நொந்தது இரண்டுமில்லை.
உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்.
'மனம் விட்டுப்போச்சு.'
சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
ரயில்பாதைக்கு அப்பால் யாரோ ஒருவன்
டிராலியில் டயர் தள்ளிக்கொண்டு போனான்.
விளங்கியதுபோல அவள் தலையாட்டவில்லை.
அது எனக்குப் பிடித்தது.

அன்றும் கராஜில் இருந்தேன்.
பன்னிரண்டு நிமிடம், எண்ணினேன்.
மற்றப் பக்கத்துக் கதவு திறந்தது.
கௌசிகா ஏறினாள்,
மா ஒட்டிய கையோடு.
பெல்டை இழுத்துப் போட்டாள்.
முன்னால் சுவரில் தொங்கும் சைக்கிளைப் பார்த்தபடி
ரேடியோவில் என்ன போகுது, என்றாள்.