ஐந்தாம் அடுக்கு, பதினேழாம் குழாய்

தார்த்து நகரில் ஜனவரி.
நாலு மணிக்குள் இருட்டிவிடும்.
ஆய்வகச் சன்னலில் தெரியும் தன் முகத்தையே பார்த்தபடி
மைம்மு கையுறை மாட்டுகிறாள்.

இன்று வந்திருப்பது
ஒருவருடைய ரத்தத்தில் வளர்ந்தது.
அறுபத்தெட்டு வயது, ஆண், வால்கா மாவட்டம்.
பெயர் அனுப்புவதில்லை.
இறந்த தேதி மட்டும் ஒரு கட்டத்துக்குள்.
கடைசியாக என்ன சாப்பிட்டார் என்ற கேள்விக்கு
மருமகள் சொன்னதை
யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்:
கறுப்பு ரொட்டி, வெண்ணெய்,
கிறிஸ்துமஸுக்கு வாங்கிய மீன்.
எங்கே வாங்கிய மீன் என்று
கேட்கத் தோன்றவில்லை போலும்.

லிஸ்டீரியா.
குளிர்ப்பெட்டிக்குள் மற்றதெல்லாம் சுருண்டு படுத்திருக்க
இது மட்டும்
மெதுவாக, அவசரமே இல்லாமல்
பெருகிக்கொண்டிருக்கும்.

முன்பு தட்டில் கோடிழுத்துவிட்டு
நீலப்பச்சைப் புள்ளி முளைக்கக் காத்திருந்தார்கள்.
முளைத்தால், இருக்கிறது.
அவ்வளவுதான்.
யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊரிலிருந்து,
எப்போது கிளம்பியது?
புள்ளி வாய் திறக்காது.

இப்போது படிக்கிறார்கள்.
செல்லை உடைத்து
இழையைத் துண்டு துண்டாக்கி
துண்டுக்கொரு வால் ஒட்டி
ரொட்டிப் பெட்டி அளவுள்ள இயந்திரத்தில்
இரவு முழுக்க விட்டுவிட்டால்
காலையில் முப்பது லட்சம் எழுத்து.
நாலே எழுத்து திரும்பத் திரும்ப வரும் மொழி.
உயிர் தனி, மெய் தனி என்று அதில் பிரிப்பதற்கில்லை.

எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி.
தூரத்து உறவு ஐம்பது அறுபது எழுத்து தள்ளி நிற்கும்.
அண்ணன் தம்பி என்றால் ஏழெட்டுக்குள்.

வால்காக்காரரின் பக்கத்தில்
வந்து நின்றது ஒன்று.
இரண்டே எழுத்து வித்தியாசம்.

அது மருத்துவமனையிலிருந்து வந்ததல்ல.
ஐந்தாம் அடுக்கு, பதினேழாம் குழாய்.
மைனஸ் எண்பதில் பதினோரு வருடம்.
பழைய குழாய்களையும் படித்துவைக்கப் போன இலையுதிர்காலத்தில்தான்
பணம் ஒதுக்கினார்கள்.
மேற்குக் கரையில் மீன் புகையூட்டும் ஓர் ஆலை,
துண்டு போடும் வரிசை, மூன்றாவது உருளை.
சீட்டில் இருந்த கையெழுத்தை
மைம்மு இரண்டுமுறை பார்த்தாள்.
அவளுடையதுதான்.

அன்றைய அறிக்கையும் நினைவிருக்கிறது.
கண்டறியப்பட்டது. கழுவிவிட்டு மறுபரிசோதனை.
கழுவினார்கள். காணவில்லை.
கோப்பை மூடினார்கள்.

இப்போது திரையில் கீழே இறங்கினால்
இடையில் இன்னும் மூன்று பேர்.
ஒரு கோடையில் ஒருவர்,
மூன்று வருடம் கழித்து ஒரே மாதத்தில் இருவர்;
அதில் ஒன்று, பிறந்து நாலு நாள்.
வெவ்வேறு ஊர், வெவ்வேறு மருத்துவமனை.
ஒருவரையொருவர் அறியாதவர்கள்
இந்தத் திரையில் முதல்முறை
ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் அவளே போனாள்.
ஆலை முழுக்க ஆல்டர் விறகின் இனிப்பு மணம்.
இரவில் கழுவுகிற ஹெல்யோ
முழங்கால்வரை ரப்பர் காலணியோடு
கையில் குழாயை விடாமல் நின்றாள்.
"தினம் கழுவினேன். கொதிநீர் விட்டுத்தான் கழுவினேன்.
தொழிலாளர் விலையில் வாங்கி
என் தங்கைக்கும் அனுப்பினேன்."

யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

பொறியாளர் திருகுமுறுக்கியைப் போட்டு
உருளையின் மூடியைக் கழற்றினார்.
உள்ளே கூடு.
தேய்ந்த ரப்பர் வளையம்.
ஒரு கரண்டி அளவு தண்ணீர்,
வெளிச்சம் பட்டதும் லேசாக அசைந்தது.

ஹெல்யோ குனிந்து பார்த்தாள்.
"இதைத் திறக்கலாம் என்றே
எனக்கு யாரும் சொல்லவில்லை."

எனக்கும், என்று சொல்ல வந்த மைம்மு
சொல்லவில்லை.
பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு
நிதானமாகத் திருப்பி எடுத்தாள்.
குளிரில் பேனா எழுத மறுத்தது,
சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினாள்.

பழைய சீட்டில் இருந்தது:
உருளை, மேற்புறம்.
இப்போது எழுதினாள்:
உருளை, உட்புறம்.

இரண்டே எழுத்து.