அடுப்பு அணைந்த வரிசை

கொபுலேதியில் மழை
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
மார்ச் முழுக்க விறகு நனைந்தே கிடந்தது.
நாற்பது பீப்பாய்ச் செம்மண்ணை
ஆவியில் அவிக்க வேண்டும்,
புழு சாக, அழுகல் சாக,
மாண்டரின் நாற்றுக்கு நோய் அண்டாதிருக்க.

முப்பத்தேழு வெந்தன.
அப்புறம் அடுப்பு அணைந்துபோனது.
விரல் விறைத்திருந்தது, கடைசிப் பேருந்துக்கும் நேரமாகிவிட்டது.
வேகாத மண்ணையே தொட்டிகளில் நிரப்பினேன்
சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால்,
யாரும் குனிந்து பார்க்காத வரிசையில்.

ஜூலையில்
வெந்த மண்ணின் பிள்ளைகள்
விரல் உயரத்தோடு நின்றுவிட்டன.
இலையில் பழைய செம்புக்காசின் நிறம்.
ரெவாஸ் ஓர் உரமூட்டை பிரித்தார்.
இன்னொன்றும் பிரித்தார்.
இந்த மண்ணின் இரும்பு
மணிச்சத்து கையில் விழுந்ததும்
முஷ்டியை மூடிக்கொள்ளும் ஜாதி.

குழாய்க்குப் பின்னால் மட்டும்
என் சோம்பல்
ஒரு சாண் வளர்ந்து பளபளத்தது.

"இதற்கு என்ன போட்டாய், எத்தேரி?"
ஒன்றும் போடவில்லை என்றேன்.
பொய் இல்லை அது.

பள்ளியில் உயிரியல் எடுக்கும் குராண்டா
என் பேருந்தில்தான் வருவாள்.
இரண்டு வேர்த்துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தேன்.
காரநீரில் கொதிக்கவிட்டு
வினிகரில் நீலப் பேனா மை கலந்து ஊறவைத்தாள்.
முதல் வேர்
வாடகைக்கு ஆள் வராத வீடு.
அடுத்ததில்
அறை அறையாக
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குட்டி நீல மரம்.

வேருக்குள் மரமா!

பூஞ்சை, என்றாள்.
வேர்மயிர் எட்டாத இடுக்குக்கெல்லாம்
இழை விட்டுப் போய்
மணிச்சத்தைப் பொறுக்கி வருகிறதாம்.
வாசலில் வைத்துவிட்டுப் போகாது,
அடுக்களைவரை வந்து இறக்கும்.
கூலி சர்க்கரையாக. கடன் கிடையாது.
அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.
நான் முப்பத்தேழு பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து ஆவி பார்த்தவள் நான்தானே.

மறுநாள் ரெவாஸிடம் சொல்லிவிட்டேன்.
திட்டவில்லை.
மூன்று பீப்பாய்க் கூலியைச் சம்பளத்தில் பிடித்தார்.
பிறகு சந்தைக்குப் போய்
குழாய்க்குப் பின்னாலிருந்த மூலைக்கு
கம்பிவலையும் பூட்டும் வாங்கி வந்தார்.
சாவி என்னிடம்.

தினமும் அங்கிருந்து ஒரு பிடி மண், நறுக்கிய வேரோடு,
தொட்டிக்கு ஒரு தேக்கரண்டியாக
நடுவிரலால் குழி பறித்து வைக்கிறேன்.
ஆயிரத்து நூறு தொட்டிகள்.
நேற்று நான்காம் வரிசையில்
புதுத் தளிர் ஒன்று பச்சையாகத் தெரிந்தது.
மழை வெளிச்சமாகவும் இருக்கலாம்.