ள் தீர்ந்த வாரம்

குப்பராஜுலு நாயுடுவுக்கு இரண்டு நாற்காலி.
பகலில் ஜில்லா அச்சுக்கூடத்துக்கு சூப்பரின்டெண்டு,
நாலு மணிக்குமேல் வேலூர் முனிசிபாலிட்டிக்கு சேர்மன்,
இரண்டுக்கும் நடுவே ஒரு நொண்டிக் குதிரை ஜட்கா.
தானே வரி போட்டுத் தானே அச்சடிக்கிறான் என்று
கொசப்பேட்டையில் திட்டுவார்கள். திட்டட்டும்,
ஒற்றுப்பிழை இல்லாத நோட்டீசு அது.

ஈயத்தைக் கண்ணாடிப் பிம்பமாய்ப் படித்துப் பழகிய கண்.
கவுன்சிலர்கள் முகத்தையும் அப்படித்தான் படிப்பார்,
வலப்பக்கமிருந்து, சிரிப்பைத் தள்ளிவிட்டு.

சித்திரையில் ஒரு தீர்மானம் வந்தது,
சைதாப்பேட்டைக் கிணறுகளைத் தூர்வார.
நிதி போதாது.
'ஒத்திவைக்கப்பட்டது.'
பதினோரு எழுத்து. நான்தான் கோத்தேன்.
அவர்தான் மெய்ப்புப் பார்த்தார். பிழை இல்லை.

ஆடியில் வாந்திபேதி.

வார அறிக்கைக்கு எண்ணிக்கை போதும் என்று மேலிடத்து உத்தரவு.
நாயுடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டவில்லை.
"பேர் போடு. தெருவும் போடு."

முனியம்மாள், மாட்டுச்சந்தைத் தெரு.
பாப்பம்மாள், மேற்படி.
பாப்பம்மாள் மகள் எல்லம்மாள், மேற்படி.
ஹமீதா பீ, மசூதிச் சந்து.
சவரியம்மாள்.
குழந்தை, பெயர் வைக்கவில்லை.
கன்னியம்மா

என் விரல் பெட்டியின் அடிப்பலகையைத் தட்டியது.
வெறும் மரம்.
பட்டணத்திலிருந்து எழுத்து வர எட்டு நாள் ஆகும்.
"புள்ளியில்லாத ள இருக்கிறதே..." என்று இழுத்தேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

கட்டி வைத்த பாரங்கள் அலமாரியில் இருந்தன,
வரி நோட்டீசு, வண்டி லைசென்சு, இறைச்சிக்கடை உத்தரவு.
எல்லாவற்றின் தலையிலும்
'சேர்மன் குப்பராஜுலு நாயுடு அவர்கள்'.
சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.
ஊசியால், சொத்தைப் பல் பிடுங்குகிற மாதிரி,
ஒவ்வோர் அவர்களிலிருந்தும் ள் எடுத்தார்.
நான் பின்னாலேயே வெற்று ஈயத்துண்டு செருகிக்கொண்டு போனேன்.
பத்தொன்பது தேறியது.
விடிவதற்குள் இருபத்தொன்று வேண்டியிருந்தது.
கடைசி இரண்டு பெண்களுக்கு
நானூறு பிரதியிலும் அவர் கையாலேயே எழுதினார்.
மணி ஆறு அடித்தபோது
மையும் விரலும் ஒரே நிறம்.

புது எழுத்து வந்தது, மீன்செதில் மாதிரி மினுக்கி.
பாரங்களைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டேன்.
"கிணறு முதலில்" என்றார்.
அப்புறமும் நான் இரண்டு தரம் கேட்டேன்.

அவர் பதவியில் இருந்தவரை
'நாயுடு அவர்க' என்றே வீடு வீடாய் நோட்டீசு போயிற்று.
கொசப்பேட்டையில் அப்போதும் திட்டினார்கள்,
ஒற்றுக்கூடப் போடத் தெரியாதவன்
வரி மட்டும் கேட்கிறான் என்று.