விழுங்கியபின் ஒரு சொல்

கதவு திறப்பது ஒன்பதுக்கு.
எட்டே முக்காலுக்கே மார்க்கம் வீதிப் பனியில்
ஏழெட்டுப் பேர் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள்.
கூரை வேலைக்காரன் கெவின்,
இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்த டோனா,
கடைசியில், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டபடி
யோகரூபன்.

தோடம்பழ நிறப் பானத்தில் கலந்த மெதடோன்,
நூறு மில்லிலீற்றர்.
என் கண்முன்னே குடிக்க வேண்டும்.
குடித்தபின் ஏதாவது பேசவும் வேண்டும்.
வாய்க்குள் அடக்கிக்கொண்டுபோய்
வெளியே துப்பி விற்கவில்லை என்பதற்குப்
பேச்சுத்தான் அத்தாட்சி.

கெவின் ஹொக்கி முடிவு சொல்வான்.
டோனா, பிள்ளைகளுக்கு முளைத்த பல் கணக்கு.
யோகரூபன் முதல் நாள் சொன்னது:
"என்னத்தைச் சொல்ல?"
அதுவே போதும் என்றேன்.

பிறகு தினமும் ஒன்று.
"பஸ் பிந்திட்டுது."
"மைனஸ் பதினெட்டாம்."
"மகளுக்கு இண்டைக்குக் கணக்குச் சோதினை."
"ராத்திரி ஆறு மணித்தியாலம் நித்திரை. ஒரே இழுவையா."
இதைச் சொன்ன அன்று
காகிதக் கோப்பையை நசுக்காமல்
மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

வெளியில் கண்டால் நான் முந்திச் சிரிக்கக் கூடாது.
அது தொழில் விதி.
ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில்
வடைத் தட்டோடு எதிரே வந்தார்.
இரண்டு பேருமே வடையைப் பார்த்தோம்.
பின்னால் அவர் மச்சான் யாருக்கோ உரத்துச் சொன்னார்:
"அவனுக்கு நாரி நோ. அதுதான் வேலைக்குப் போறேல்லை."
பொய்யில்லை.
அங்கேதான் தொடங்கியது.

மார்கழியில் ஒரு மாலை
கிளினிக்கில் இருந்து பழைய பதிவு கேட்டார்கள்.
மற்றக் கிளையின் கோப்பைத் திறந்தேன்.
எட்டு வருஷத்துக்கு முன்.
குளிர்க் களஞ்சியம், ஃபோர்க்லிஃப்ட், முதுகெலும்பு.
ஒக்ஸிகோடோன், நூற்றிருபது குளிசை.
அடுத்த மாதம் நூற்றிருபது.
அதற்கடுத்த மாதமும்.
கொடுத்தவர் என்ற கட்டத்தில்
என் முதலெழுத்துகள்.

அந்த முகம் எனக்கு ஞாபகம் இல்லை.
நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் தெரியும்,
எல்லாருக்கும் அதைத்தானே சொன்னேன்:
"சாப்பிட்ட பிறகு போடுங்கோ.
மலச்சிக்கல் வரும், தண்ணி நிறையக் குடியுங்கோ."
வேறொன்றும் சொல்லவில்லை.
எப்போது நிறுத்துவதாக உத்தேசம் என்று
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பின்னால் வரிசை நீண்டிருக்கும்.

தையில் மூன்று நாள் அவர் வரவில்லை.
மூன்று நாள் விட்டால் பழைய அளவு ரத்து.
விலகியிருந்த உடம்புக்கு
பழகிய மருந்தே நஞ்சாகும்.
பெயர் ஒட்டிய போத்தல்கள் அலுமாரியில் கிடந்தன.
அம்புலன்ஸ் ஊளையிட்ட ஒவ்வொரு தடவையும்
நலொக்சோன் பெட்டிகள் இருக்கும் தட்டை எண்ணினேன்.
எண்ணி என்ன?

நான்காம் நாள் வந்தார்,
நெற்றியில் ஐந்து தையல்,
கையில் டொக்டரின் புதுச் சீட்டு, பாதி அளவு.
குடித்தார்.
"கதையுங்கோ."
"திரும்பவும் முதலில இருந்து."
சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் ஒன்றைக் காணவில்லை.

அன்று நான் சொல்லியிருக்கலாம்.
கெவின் நின்றான், டோனா நின்றாள், தொலைபேசி அடித்தது.
எட்டு வருஷத்துக்கு முன்னும்
இதே காரணங்கள்தான் இருந்தன.

ஆனியில், கிழமைக்கு ஒரு நாள் மருந்தை
வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வந்தது.
பூட்டுப் பெட்டி வாங்கிவந்தார்,
பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி நீலம்.
"இனி ஞாயிற்றுக்கிழமையில
உங்கட முகத்தில முழிக்கத் தேவையில்லை."
திறப்பைத் திருகி, மூடியை இழுத்துப் பார்த்தார்.
இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார்.
போகாமல் நின்றார்.

"என்ன மிஸ், இண்டைக்கு நீங்கள்தான்
ஒண்டும் கதைக்கேல்லை."

மார்கழியில் இருந்து
விழுங்காமல், துப்பாமல்
நாக்கின் அடியில் வைத்திருந்த ஒரு மடக்கு.

"யோகரூபன்," என்றேன்,
"ஐஞ்சு நிமிஷம் நிப்பீங்களா?
உள்ளறையில கதிரை இருக்கு."